ஏழு மணி நோட்டு

விசாரணை நடந்த அன்று பால்வாடிக்குள் இருந்தவர்கள் இவர்கள். விருதுநகரிலிருந்து வந்த பெரிய மேடம். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த கிளார்க். எங்கள் சூப்பர்வைசர் அம்மா. பக்கத்து ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர். அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பட்டாசுக் கம்பெனிக்கு அன்று லீவு போட்டுவிட்டு வந்த முத்துலட்சுமி. அவள் இடுப்பில் சின்னவன். சுவரோரம் பாயில் பத்துப் பிள்ளைகள், சின்னவனைச் சேர்த்தால் பதினொன்று. அடுப்படி வாசலில் நான். நடுவில், பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில், முழங்கால் நெஞ்சில் இடிக்க, டீச்சர். பெரிய நாற்காலி இரண்டுதான் இருந்தது. இரண்டையும் வந்தவர்களுக்குப் போட்டுவிட்டார்.

நான் அங்கே ஆயா. சமைப்பது, கூட்டுவது, பிள்ளைகளைக் கழுவி விடுவது என் வேலை. ஏழாவதோடு நின்றவள். காகிதத்தில் அங்கன்வாடி என்று இருக்கும். ஊரில் எல்லோருக்கும் பால்வாடிதான். தாயில்பட்டிக்குப் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை.

டீச்சர் செய்த தப்பை விசாரிக்க வந்திருந்தார்கள். காலை ஏழு மணிக்குப் பால்வாடியைத் திறந்தார் என்பதுதான் தப்பு. ஒன்பதரைக்குத்தான் திறக்க வேண்டும். யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. அவரே எழுதி, அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அவர் அப்படித்தான்.

அவர் சாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒல்லியான ஆள். பேனாவை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கீழே வைத்தால் பிள்ளைகள் வாயில் வைத்துவிடும் என்பார். வந்த முதல் நாள் பழைய ரெஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராக வாசித்தார். முன்பு இருந்த டீச்சர் காலத்தில் ரெஜிஸ்டரில் முப்பதுக்குக் குறையாது. பாயில் பதினைந்துக்கு மேல் இருக்காது. எனக்கும் அது பழகியிருந்தது.

"இந்தப் பிள்ளை எங்க?"

"அவுக திருப்பூருக்குப் போயிட்டாக டீச்சர்."

"எப்ப?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

"நேத்து மத்தியானம் இங்கன சாப்பிட்டிருக்கே?"

நான் அடுப்பைப் பார்த்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஸ்கேலை வைத்து அந்தப் பேரின் மேல் ஒரு கோடு இழுத்தார். பிறகு அடுத்த பேர். மத்தியானத்துக்குள் பதினாறு கோடு. சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"மாரியம்மா, நாளையிலேர்ந்து பாயில இருக்கிற தலைய எண்ணிட்டு உலையில அரிசி போடுங்க."

எண்ணிப் போட்டேன். அன்றிலிருந்து அரிசி மிஞ்சவில்லை, குறையவும் இல்லை.

மாதம் ஒருமுறை பிள்ளைகளுக்கு எடை பார்க்க வேண்டும். அரைஞாண், கொலுசு, காப்பு எல்லாம் கழற்றிய பிறகுதான் தராசில் வைப்பார். முத்துலட்சுமிக்கு அதில் கோபம். மாமன் போட்ட கொலுசு, கனமான கொலுசு.

"ஏன் டீச்சர், அந்தக் கொலுசும் எம் பிள்ளையோடதுதான? சேத்து நிறுத்தா என்ன கொறஞ்சு போயிருவீக?"

"கொலுசு வளருதான்னு அட்டையில கட்டம் இல்ல முத்துலட்சுமி."

"எம் பிள்ளை நோஞ்சான்னு எழுதிட்டீகளே, மாமியாக்காரி பாத்தா என்னைல்ல பேசுவா."

"மாமியாரை ஒரு முட்டை கூடக் குடுக்கச் சொல்லு பிள்ளைக்கு. அடுத்த மாசம் மாத்தி எழுதறேன்."

முத்துலட்சுமி முணுமுணுத்துக்கொண்டே போனாள். வாசலில் நின்று என்னிடம், "வெறும் தராசைத்தான் புருசனாக் கட்டியிருக்கும் போல இந்த டீச்சரு" என்றாள். டீச்சர் காதில் விழுந்தது. பேனாவை எடுத்து எடையை எழுதினார்.

வெடி வெடித்த நாளைச் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கம் யாருக்கும் அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. முதலில் ஜன்னல் அதிரும். பிறகுதான் சத்தம். அன்று மத்தியானம் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. மேற்கே வெள்ளைப் புகை. டீச்சர் கதவைச் சாத்தினார். ஒரு தாளை எடுத்தார். எந்தப் பிள்ளையின் அம்மா எந்தக் கம்பெனியில், எந்த ரூமில் என்று அதில் இருக்கும். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது.

கால் மணி நேரத்தில் ஒரு பொம்பளை தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். முத்துலட்சுமியின் நாத்தனார். கதவைத் தட்டி, "பிள்ளையத் தாங்க டீச்சர், எங்க மதினி போயிட்டா, பிள்ளையத் தாங்க" என்று அலறினாள்.

டீச்சர் கதவைப் பாதி திறந்தார்.

"கண்ணால பாத்தியா?"

"சொல்றாக டீச்சர். அந்த ரூமுதானாம்."

"சொன்னவுக பாத்தாகளா?"

"அய்யோ, என்ன டீச்சர் இப்படிக் கேக்கீக?"

"பாக்கலேன்னா பிள்ளை காதுல விழ அழாத. உள்ள வா. உக்காரு. தண்ணி குடி."

அவளுக்கு வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. டீச்சரைக் கல்நெஞ்சுக்காரி என்றாள். வயிற்றில் பிள்ளை சுமந்திருந்தால் தெரியும் என்றாள். டீச்சருக்குப் பிள்ளை கிடையாது. நான் திரும்பி டீச்சர் முகத்தைப் பார்த்தேன். அவர் செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்.

முத்துலட்சுமி ஐந்து மணிக்கு வந்தாள். செருப்பு இல்லை. கருவேலங்காட்டுக்குள் விழுந்து ஓடி, சுற்றி வந்திருக்கிறாள். கால் முழுக்க முள். வேறு இரண்டு பேர் அன்று போய்விட்டார்கள், வேறு ஊர்க்காரர்கள். முத்துலட்சுமி வாசலிலேயே நின்றாள். கையெல்லாம் அலுமினியப் பவுடர், சாம்பல் நிறம். பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினாள்.

"கையக் கழுவிட்டுத் தூக்கு" என்றார் டீச்சர். வாசலில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் இருக்கும். அன்றும் அதைத்தான் சொன்னார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் முத்துலட்சுமி குனிந்து கழுவினாள். கழுவும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. டீச்சர் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். வாளி காலியாகிற வரைக்கும்.

ஏழு மணிக்குத் திறந்த காரணம் இதுதான்.

கம்பெனி வேன் ஏழேகாலுக்குத் தொட்டிப் பக்கம் வந்துவிடும். அம்மாக்கள் அதில் ஏற வேண்டும். பால்வாடி ஒன்பதரைக்கு. ஆரம்பப் பள்ளி ஒன்பது மணிக்கு. நடுவில் சின்னப் பிள்ளையை யார் வைத்திருப்பது? மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது படிக்கிற அக்காதான். அவள் தம்பியை வைத்துக்கொண்டு ஒன்பதரை வரை எங்கள் வாசலில் நிற்பாள். விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். அங்கே தலைமையாசிரியர் லேட் என்று வெளியே நிறுத்துவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. ஒரு வாரம் நிற்பாள், இரண்டு வாரம் நிற்பாள். பிறகு நிற்க மாட்டாள். வீட்டிலேயே தம்பியோடு இருந்துவிடுவாள்.

டீச்சர் வந்த புதிதில் எங்கள் வாசலில் இப்படி நின்ற பெண்பிள்ளைகளைப் பார்த்தார். என்ன வகுப்பு, எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டார். முத்துலட்சுமியின் மூத்தவள் கவிதா அப்போது மூன்றாவது. தீபாவளி கழிந்து போகவே இல்லை என்றாள். மறுநாள் டீச்சர் முதல் பஸ்ஸில் வந்தார். சாவியை என்னிடம் வாங்கித் திறந்தார்.

"டீச்சர், நேரத்துக்கு முன்னாடி திறக்கக் கூடாதுல்ல?"

"கூடாதுதான். நீங்க ஒன்பதுக்கு வாங்க மாரியம்மா, உங்களுக்கு வம்பு வேண்டாம்."

நான் ஏழுக்கே போனேன். போகாமல் எப்படி இருப்பது?

கவிதா அந்த வருஷம் மறுபடி பள்ளிக்குப் போனாள். மற்றவர்களும் போனார்கள்.

ஏழு மணிக்கு வருகிற பிள்ளைகள் இருபத்திரண்டு. அதில் பாதிக்குத்தான் எங்கள் ரெஜிஸ்டரில் பேர். மீதிப் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. எட்டரைக்கு மஞ்சள் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். அந்த அம்மாக்களும் ஏழேகால் வேனுக்குப் போகிறவர்கள்தான். பிள்ளைக்கு ஷூவும் டையும் போட்டுப் பார்க்கத்தான் அந்தப் பவுடரில் கை வைக்கிறார்கள். டீச்சர் அவர்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. டை கட்ட அவருக்குத் தெரியாது. கம்பெனி வேன் டிரைவரிடம் கேட்டுப் பழகினார். காலையில் வரிசையாக உட்காரவைத்துப் பதினோரு பிள்ளைக்கு டை கட்டி, மூக்கைத் துடைத்து, மஞ்சள் வேனில் ஏற்றி விடுவார். நம் பால்வாடியில் தலை குறைகிறதே, நாமே கையில் பிடித்து ஏற்றி விடுகிறோமே என்று எனக்கு வயிறு எரியும்.

முட்டை நாளில் அந்த வேன் போகிற வரை அடுப்பில் முட்டை வைக்க விடமாட்டார். வாசம் போனால் அந்தப் பிள்ளைகள் கேட்கும். அவர்கள் பேருக்கு முட்டை வராது. "இல்லாத முட்டைய எப்படிக் குடுக்க?" என்பார். வீட்டிலிருந்து பாசிப்பயறு அவித்து டப்பாவில் கொண்டுவருவார். காலையில் எல்லோருக்கும் ஒரு பிடி.

பிறகு ஆபீஸில் போன் கொடுத்தார்கள். பிள்ளைகளைப் போனில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். அப்போதுதான் வந்ததாகக் கணக்கு. அது ஒன்பதரைக்கு முன்பு வாங்காது. எங்கள் அறைக்குள் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே போனால்தான் இரண்டு கோடு வரும். தினமும் பதினொரு பிள்ளைகளையும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி தொட்டிக்குக் கூட்டிப் போவோம். தொட்டி ஒழுகும். பிள்ளைகள் அண்ணாந்து வாயைத் திறந்து நிற்கும். படத்தில் எல்லாம் வாய்தான் விழும்.

"ஏலே, வாய மூடுங்கலே, அரசாங்கம் உங்க மூஞ்சியத்தான் கேட்டிருக்கு" என்பேன்.

டீச்சர் சிரித்து நான் பார்த்தது அங்கேதான்.

போன் வந்த பிறகு எங்கள் எண்ணிக்கை ஆபீஸில் பளிச்சென்று தெரிந்தது. பதினொன்று. சூப்பர்வைசர் அம்மா ஒரு நாள் வந்தார். நல்ல மாதிரி. ஸ்கூட்டியில் பத்து ஊர் சுற்றுகிறவர், எப்போதும் தலைவலி. உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார்.

"டீச்சர், பதினஞ்சுக்குக் கொறஞ்ச சென்டரையெல்லாம் சேக்கப் போறாக. இதை மெயின்ரோட்டுக்கு அங்கிட்டு இருக்கிறதோட சேத்துருவாக. நாலு பிள்ளை சேத்துக் காட்டுங்க."

"எங்கேர்ந்தும்மா?"

"டை கட்டி அனுப்புறீகளே, அதுல நாலு பேரை ஒன்பதரை வரைக்கும் நிப்பாட்டி ஒரு போட்டோ பிடிங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தான் பாக்காக."

"அதுக வேன் போயிருமே."

"அப்ப பேரையாவது எழுதுங்க. நீங்க பாக்காத பிள்ளையா? தினம் காலையில உங்க மடியிலதான கெடக்குதுக."

எனக்கும் அதுதான் தோன்றியது. நானும் சொன்னேன். "கண்ணால பாத்த பிள்ளைகதான டீச்சர். பொய் ஒண்ணும் இல்லையே."

"ஏழரைக்குப் பாத்தேன். அவுக கேக்கிறது பத்து மணிக்கு யாரு இருக்கான்னு."

"டீச்சர்," என்றார் சூப்பர்வைசர் அம்மா. தலையைக் கையால் பிடித்துக்கொண்டார். "ரோட்டுக்கு அங்கிட்டுப் போனா இந்தப் பிள்ளைக லாரிக்கு நடுவுல போகணும். அங்கன ஏழு மணிக்கு யாரும் திறக்க மாட்டாக. அந்தப் பொம்பளப் பிள்ளைக மறுபடி வீட்டுல நிக்கும். அதை யோசிங்க."

டீச்சர் பாயிலிருந்த பிள்ளைகளை எண்ணுகிற மாதிரி பார்த்தார். பிறகு, "ஏழு மணிக்கு இருபத்திரண்டு இருக்குன்னு அவுகளுக்குத் தெரியாதுல்ல. தெரிஞ்சா நேரத்தை மாத்துவாகள்ல?" என்றார்.

சூப்பர்வைசர் அம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

அப்படி வந்ததுதான் அந்த நோட்டு. சாதாரணப் பள்ளிக்கூட நோட்டு. நாற்பது நாள் எழுதினார். தேதி, பிள்ளை பேர், வந்த மணி, போன மணி. கூட்டி வந்தது யார். அக்கா இருந்தால் அவள் எந்த வகுப்பு, அன்று பள்ளிக்குப் போனாளா. ஒரு நாள் ஏழு ஆறுக்கு வந்த பிள்ளைக்கு நான் ஏழு ஐந்து என்று சொன்னேன். கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஆறு என்று போட்டார்.

திங்கட்கிழமை மனுக் கொடுக்க விருதுநகருக்குப் போனோம். நானும் கூடப் போனேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிற பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். டீச்சர் சொல்லச் சொல்ல எழுதினார். பால்வாடி நேரத்தைப் பட்டாசுத் தொழில் நேரத்துக்கு மாற்ற வேண்டும், பெண்பிள்ளைகளின் படிப்பு நிற்கிறது என்று நன்றாகவே எழுதினார். இணைப்பு என்ன என்று கேட்டார். டீச்சர் நோட்டைக் கொடுத்தார். அவர் இரண்டு பக்கம் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யம்மா, இதைக் கொடுக்காதீக."

"ஏன்?"

"மனு நல்லாருக்கு. மனுவோட விட்டுருங்க. இந்த நோட்டுல நீங்க செஞ்சது இருக்கு. மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடிதான் கண்ணுக்குத் தெரியும்."

"நோட்டு இல்லாட்டி நான் சொல்றதை எப்படி நம்புவாக?"

"நம்பாட்டிப் போறாக. உங்க வேலையாவது தங்கும்."

"ஜெராக்ஸாவது எடுத்துக் கொடுங்க டீச்சர்" என்றேன் நான்.

"ஜெராக்ஸைக் கொடுத்தா ஒரிஜினல் எங்கன்னு கேப்பாக."

உள்ளே போய்க் கொடுத்தார். சீட்டு ஒன்று தந்தார்கள். வெளியே வந்து நான் டீ வாங்கினேன். அவர் சந்தோஷமாகவே இருந்தார். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவர் அதுவரை பஸ்ஸில் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஒரு மாதம் கழித்து விசாரணை. முந்தின நாள் சூப்பர்வைசர் அம்மா என் வீட்டுக்கே வந்தார்.

"மாரியம்மா, உங்களைத்தான் முதல்ல கேப்பாக. 'அப்பப்ப ஒண்ணு ரெண்டு பிள்ளை சீக்கிரமா வந்துரும், வெயில்ல நிக்குமேன்னு உள்ள விடுவோம்'னு மட்டும் சொல்லுங்க. நோட்டை நான் பாத்துக்கிறேன். ஆர்வத்துல எழுதிட்டாகன்னு முடிச்சிரலாம். டீச்சர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"டீச்சர் என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல."

ஒன்றும் சொல்லவில்லை என்றதும் எனக்குப் பயம் வந்தது.

மறுநாள் பெரிய மேடம் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். அவர் நோட்டைப் படித்திருந்தார். ஓரம் ஓரமாகப் பென்சில் கோடு இருந்தது.

"ஏழு மணிக்குத் திறந்தது உண்மையா?"

சூப்பர்வைசர் அம்மா சொல்லிக் கொடுத்ததையே சொன்னேன். "அப்பப்ப ஒண்ணு ரெண்டு பிள்ளைக சீக்கிரமா வந்துரும் மேடம். வெயில்ல நிக்குமேன்னு உள்ள விடுவோம்."

கிளார்க் எழுதினார். மேடம் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எனக்கு அது தெரிந்தது. அவரும் சீக்கிரம் முடித்துவிட்டுப் போகத்தான் நினைத்தார். நோட்டை மூடப் போனார்.

"அப்பப்ப இல்ல மேடம்," என்றார் டீச்சர். குட்டை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "தினமும். ஒண்ணு ரெண்டு இல்ல, இருபத்திரண்டு. நோட்டுல இருக்கிறது சரி. ஆயா என் மேல உள்ள பிரியத்துல சொல்றாக."

கிளார்க் பேனாவைத் தூக்கிக்கொண்டு மேடத்தைப் பார்த்தார். சூப்பர்வைசர் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

மேடம் நோட்டை மறுபடி விரித்து வைத்துக்கொண்டார். கோபமாகப் பேசவில்லை.

"உங்க நோக்கம் எனக்குப் புரியுதும்மா. ஆனா அந்த நேரத்துல, பதிவுலயே இல்லாத ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆயிருந்தா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்லுவேன்."

"நீங்க இல்லம்மா. எங்களைத்தான் கேப்பாங்க."

"அப்ப நீங்களே நேரத்தை ஏழுன்னு மாத்தி எழுதிட்டீகன்னா கேள்வியே வராதுல்ல மேடம்?"

"அது என் கையில இல்ல."

"யார் கையில இருக்குன்னு சொன்னா அங்கன போறேன்."

மேடம் தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார்."

அவர் எழுந்து நின்றார். "பெண்பிள்ளைகள் வருகை நல்லா இருந்துச்சு மேடம். இந்த ரெண்டு வருசமா." அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்துவிட்டார்.

முத்துலட்சுமியைக் கேட்கவே இல்லை. அவள் தானாகவே சொன்னாள். "மேடம், ஒரு நா கூலிய விட்டுட்டு வந்திருக்கேன், ஒரு வார்த்தை கேளுங்க. இந்தப் பொம்பள ஆகாத பொம்பளதான். மூஞ்சியப் பாத்து ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாது. ஆனா நான் கம்பெனியில உக்காந்து திரி வைக்கும்போது பிள்ளை ஞாபகம் வந்து கை நடுங்கினதில்ல. எங்க வேலையில கை நடுங்கினா என்ன ஆகும்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

"இதையும் எழுதவா மேடம்?" என்று கிளார்க் கேட்டார்.

"எழுதுங்க," என்றார் மேடம்.

எழுதினார்கள். எல்லாம் எழுதினார்கள்.

பள்ளிக்கூடக் கோடை லீவில் ஆர்டர் வந்தது. டீச்சருக்கு ஆலங்குளம் பக்கம் ஒரு ஊர். எங்கள் பால்வாடி மெயின்ரோட்டுக்கு அங்கிட்டு உள்ளதோடு சேர்ந்தது. நானும் அங்கே போக வேண்டும். நேரம் ஒன்பதரை என்று தனியாக, கீழே கோடு போட்டு எழுதியிருந்தது.

கடைசி நாள் தட்டு, டம்ளர், தராசு, பாய் எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்தார். டம்ளரில் ஒன்று குறைந்தது. காணவில்லை என்று எழுதினார். நான் என் வீட்டிலிருந்து ஒன்று எடுத்து வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

அப்போது என்னால் அடக்க முடியவில்லை. "ஒரு வார்த்தை டீச்சர். நான் சொன்னதோட விட்டுருந்தீகன்னா இந்தக் கதவு திறந்து கெடந்திருக்கும். கவிதா இந்த வருசம் ஆறாவது போயிருப்பா."

"ஆமா," என்றார். "போயிருப்பா."

வேறு ஏதாவது சொல்வார் என்று நின்றேன். பஸ் வந்துவிட்டது.

எனக்கு அவர் மேல் கோபம் உண்டு. இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் போகவில்லை. அவரைப் போல ஒரு ஆளோடு இனி வேலை செய்யப் போவதும் இல்லை. இரண்டும் ஒரே மனசுக்குள்தான் கிடக்கிறது. ஒருமுறை ஆலங்குளம் சிமெண்ட் லாரியில் வந்த ஒருவர், அங்கே ஒரு பால்வாடி டீச்சர் விடியக் காலையில் திறக்கிறார் என்று சொன்னார். கிளறிக் கேட்கவில்லை. அவர் பார்த்தாரா, யாராவது சொல்லிக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

டீச்சர் போன அந்த வருஷம், பள்ளி திறந்து மூன்றாவது வாரம். தலைமையாசிரியர் ரோட்டைத் தாண்டி என்னைத் தேடி வந்தார். கையில் ரெஜிஸ்டர்.

"ஆயா, பிள்ளைக வரல. இங்கன அஞ்சாவது முடிச்சதுகளும் ஆறாவதுக்குப் போகலையாம். மேல காரணம் கேக்காக. நீங்க வீட்டுக்கு வீடு தெரிஞ்ச ஆளு. ஒரு நடை பாத்துட்டு வாங்களேன்."

மறுநாள் வேலைக்குப் போகும் முன்னால், காலை எட்டு மணிக்குப் போனேன். முத்துலட்சுமி வீட்டுக் கதவைத் தட்டினேன். கவிதா திறந்தாள். இடுப்பில் சின்னவன். அடுப்பில் உலை.

"பள்ளிக்கூடம் போகலையா தாயி?"

"பெரிய பள்ளிக்கூடம் வெம்பக்கோட்டையில. பஸ்ஸு எட்டரைக்கு. இவனை யாரு வச்சிக்கிருவா?"

"அப்பா எங்க?"

"அவுகளும் கம்பெனிதான். டீச்சர் வருவாகளா?"

"இல்ல."

அவள் கதவைச் சாத்தவில்லை. திறந்த கதவிலேயே நின்றாள். நான் அடுத்த வீட்டுக்குப் போனேன். அதற்கடுத்த வீட்டுக்கு. சில வீட்டில் பிள்ளைகள் குளித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், பாட்டியோ சித்தியோ இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டேன். மேலத் தெரு, கீழத் தெரு, தொட்டித் தெரு. வெயில் ஏறிவிட்டது. மஞ்சள் வேன் என்னைத் தாண்டிப் போயிற்று.

தலைமையாசிரியர் பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"தம்பி தங்கச்சிய வச்சிக்கிட்டு வீட்டுல நிக்கிற பொம்பளப் பிள்ளைக எத்தனை ஆயா?"

"மேலத் தெருவுல நாலு. கீழத் தெருவுல மூணு. தொட்டித் தெருவுல ரெண்டு."

அவர் கூட்டி எழுதினார்.

ஒன்பது.